மேப்பிளா, பிர்ச்சா, பலாவா? டிரம்ஸ் சத்தத்தைத் தீர்மானிப்பது மரமா, தோலா?

பங்குனி மாதம் கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழா நேரத்தில் ஊருக்குள் ஒரு சுற்று வந்தால் போதும். ஒரே நாளில் பல வகையான கொட்டுச் சத்தம் காதில் விழும். சாமி புறப்பாட்டின் முன்னால் தவில். கரகாட்டம் நடக்கும் தெருவில் நையாண்டி மேளத்தின் பம்பையும் உறுமியும். ராத்திரி மேடைக் கச்சேரியில் டிரம் கிட். இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: மரத்தாலான ஓர் உடல், அதன் மேல் இழுத்துக் கட்டிய ஒரு தோல்.

இதில் எது சத்தம் போடுகிறது? மரமா, தோலா?

சும்மா கேட்கும் கேள்வி இல்லை இது. சர்ச் கொயரிலும் கல்லூரி பேண்டிலும் வாசித்துப் பழகிய ஒரு இளைஞர், முதல் சம்பளத்தைச் சேர்த்து வைத்து டிரம் கிட் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் முதலில் காதில் விழுவது மரத்தின் பெயர்தான். ‘மேப்பிள்னா சவுண்டு வார்மா இருக்கும்’, ‘பிர்ச்னா பஞ்ச் கிடைக்கும்’, ‘பாப்லர் எல்லாம் பிகினருக்கு’. முன்னணி பிராண்டில் முழு மேப்பிள் கிட் என்றால் விலை ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். பாப்லர் கிட் அதில் சிறு பங்குக்கே கிடைத்துவிடும்.

அந்த வித்தியாசத் தொகை உண்மையிலேயே மரத்துக்குத்தானா? அதைக் கேட்டால் காதுக்குத் தெரியுமா? பார்ப்போம்.

முதலில், சத்தம் எங்கிருந்து வருகிறது?

டிரம்மின் மர உடலுக்கு ஷெல் என்று பெயர். மிருதங்கத்திலும் தவிலிலும் அதையே கட்டை என்பார்கள். அதன் மேல் இழுத்துக் கட்டுவது அந்தக் காலத்தில் மிருகத் தோல். 1950-களுக்குப் பிறகு டிரம் கிட்டில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. வசதிக்காக இந்தக் கட்டுரையில் இரண்டையுமே ‘தோல்’ என்றே சொல்வோம்.

குச்சி அடிக்கும் இடம் தோல். அதிர்வது தோல். காற்றைத் தள்ளி நம் காதுவரை சத்தத்தை அனுப்புவதும் பெரும்பாலும் தோல்தான். ஷெல்லும் கொஞ்சம் அதிரும். ஆனால் தோல் அதிரும் அளவோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. சந்தேகம் இருந்தால் ஒரு சின்ன சோதனை: தோல் மாட்டாத வெறும் ஷெல்லை விரலால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாம் டிரம் என்று சொல்லும் சத்தம் அதில் இருக்காது.

இந்த விஷயத்தில் முக்கியமான ஆய்வு ஒன்றைச் செய்தவர் நம்ம ஊர்க்காரர். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். ஒளிச் சிதறலுக்காக 1930-ல் நோபல் பரிசு வாங்குவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1920-ல், அவரும் சிவகாளி குமாரும் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இந்தியத் தோல் கருவிகளைப் பற்றி எழுதினார்கள். 1934-ல் ராமன் அதே விஷயத்தை இன்னும் விரிவாக எழுதினார்.

அவர் விளக்கியது இதுதான். சாதாரணமாக ஒரு வட்டத் தோலை அடித்தால் பல அதிர்வெண்கள் ஒரே நேரத்தில் எழும். அவை அடிப்படை அதிர்வெண்ணைப் போல 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். அதனால்தான் பெரும்பாலான டிரம்களில் ‘இது ஸ’ என்று சொல்லும்படியான சுருதி பிடிபடுவதில்லை. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையிலும் தபலாவிலும் நடுவில் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கிறது அல்லவா? அந்த எடை, ஒழுங்கில்லாத அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்கு அருகே கொண்டுவந்து விடுகிறது. சத்தம் சுருதியாக மாறுவது அங்கேதான்.

கவனிக்க வேண்டிய விஷயம்: மிருதங்கத்துக்குச் சுருதி கொடுப்பது எது என்ற கேள்விக்கு ராமன் கொடுத்த பதில் தோலிலும் அதன் மேல் இருக்கும் பூச்சிலும்தான் இருக்கிறது. பலாக்கட்டையில் இல்லை.

அப்போ மரத்துக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. ஆனால் கடையில் சொல்லும் வேலை இல்லை. ஷெல் செய்யும் வேலைகள் முக்கியமாக நான்கு.

ஒன்று, தாங்குவது. தோலைச் சுற்றிலும் ஒரே சீராக இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றால், ஷெல் கச்சிதமான வட்டமாக இருக்க வேண்டும். வட்டம் கொஞ்சம் கோணினால் ஒரு பக்கம் இறுகும், இன்னொரு பக்கம் தளரும். அப்புறம் எவ்வளவு ட்யூன் செய்தாலும் சத்தம் நிற்காது.

இரண்டு, விளிம்பு. தோல் வந்து உட்காரும் ஷெல்லின் ஓரத்தை எப்படிச் சீவியிருக்கிறார்கள் என்பது காதில் நன்றாகவே தெரியும். கூர்மையாகச் சீவினால் தோல் மரத்தைத் தொடும் இடம் குறைவு. சத்தம் பளிச்சென்று எழுந்து நீண்டு நிற்கும். உருட்டாகச் சீவினால் தொடும் இடம் அதிகம். சத்தம் தணிந்து சீக்கிரம் அடங்கும்.

மூன்று, காற்று. ஷெல்லின் விட்டமும் ஆழமும் உள்ளே எவ்வளவு காற்று இருக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மேல் தோலின் அதிர்வு கீழ்த் தோலுக்குப் போவது அந்தக் காற்று வழியாகத்தான்.

நான்கு, விறைப்பு. ஷெல் விறைப்பாகவும் கனமாகவும் இருந்தால் தோலின் ஆற்றலை அது அதிகம் உறிஞ்சாது. மெலிதாக இருந்தால் கொஞ்சம் உறிஞ்சித் தானும் சேர்ந்து அதிரும். மரத்தின் ஜாதி உள்ளே நுழைவது இந்த நான்காவது வாசல் வழியாகத்தான்.

ஆனால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதாவது தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. 5 மில்லிமீட்டர் ஷெல்லை 6 மில்லிமீட்டர் ஆக்கினாலே விறைப்பு சுமார் 70 சதவீதம் கூடிவிடும்.

இப்போது மரங்களுக்கு வருவோம். டிரம் உலகில் நேர் எதிர் என்று பேசப்படும் இரண்டு மரங்கள் மேப்பிளும் பிர்ச்சும். அமெரிக்க வனத்துறையின் மர அட்டவணைப்படி உலர்ந்த சுகர் மேப்பிளின் ஒப்படர்த்தி 0.63. எல்லோ பிர்ச்சின் ஒப்படர்த்தி 0.62. விறைப்பில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து சதவீத அளவுதான்.

ஒரே ஒரு மில்லிமீட்டர் தடிமன் 70 சதவீத மாற்றம் தருகிறது. மரத்தையே மாற்றினால் பத்து சதவீதம். எதை முதலில் கேட்க வேண்டும் என்பது இப்போது புரியும்.

தீப்பெட்டி ஊருக்குத் தெரிந்த தொழில்நுட்பம்

டிரம் கிட்டின் ஷெல்லை எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கோவில்பட்டிக்காரர்களுக்குப் புரிய வைப்பது ரொம்ப சுலபம். தீக்குச்சி எப்படிச் செய்கிறார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மரத் தடியை மெஷினில் சுழல விட்டு, நீளமான கத்தியால் பென்சில் சீவுவது போலச் சுற்றிச் சுற்றிச் சீவுவார்கள். மரம் காகிதச் சுருள் மாதிரி மெல்லிய ஏடாக உரிந்து வரும். அந்த ஏட்டை அடுக்கி நறுக்கினால் தீக்குச்சி.

டிரம் ஷெல்லும் பெரும்பாலும் இப்படிச் சீவி எடுத்த ஏட்டில்தான் தொடங்குகிறது. வித்தியாசம் அடுத்த கட்டத்தில் வருகிறது. ஏட்டை நறுக்காமல், பசை தடவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வட்டமான அச்சுக்குள் வைத்து அழுத்துவார்கள். ஓர் ஏட்டின் ரேகை நெடுக்காக இருந்தால் அடுத்ததைக் குறுக்காக வைப்பது வழக்கம். ஆறு ஏடு, எட்டு ஏடு என்று சேர்த்தால் மெலிதான, உறுதியான உருளை கிடைக்கும். ‘6 ப்ளை மேப்பிள்’ என்று விளம்பரத்தில் பார்ப்பது இதைத்தான்.

தீக்குச்சிக்குக் கேரளத்திலிருந்து வரும் மட்டி போன்ற லேசான மரங்களைப் பயன்படுத்துகிறார்கள். கடினமான மரம் வேண்டாம். நேராகச் சீவ வர வேண்டும், சீராக எரிய வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும். டிரம்மிலும் மரத்தைத் தேர்ந்தெடுத்ததில் இதே மாதிரியான காரணங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எந்த மரம் தாராளமாகக் கிடைக்கிறது, எது அழகாகச் சீவ வருகிறது, எது வளைத்தால் உடையாது, எது பாலிஷ் போட்டால் பளபளக்கிறது என்பதெல்லாம் முதலில். ‘இதற்கு இந்த சவுண்டு’ என்ற விளம்பர வாசகம் அதற்குப் பிறகு.

எந்த மரத்துக்கு என்ன பெயர்?

டிரம்மர்கள் மத்தியில் புழங்கும் வர்ணனைகள் இவை:

• மேப்பிள்: எல்லா ஸ்தாயியும் சமமாக, இதமாக ஒலிக்கும். எந்தப் பாட்டுக்கும் ஒத்துவரும்.

• பிர்ச்: மேலும் கீழும் தூக்கலாக, நடுவில் கொஞ்சம் தணிந்து, சீக்கிரம் அடங்கும். அதனால் ரெக்கார்டிங்குக்கு நல்லது என்பார்கள். யமஹாவின் ‘ரெக்கார்டிங் கஸ்டம்’ இந்த மரத்தால் பேர் வாங்கியது.

• மஹோகனி: அடி ஸ்தாயி கனமாக இருக்கும். பழைய காலத்து சவுண்டு.

• புபிங்கா: ஆப்பிரிக்க மரம். நல்ல கனம். சத்தம் ஓங்கி வரும்.

• பாப்லர்: லேசான மரம். விலை குறைந்த கிட்களில் அதிகம். மஞ்சள் பாப்லரின் ஒப்படர்த்தி 0.42-தான்.

இதெல்லாம் பொய்யா என்றால், முழுப் பொய் இல்லை. அடர்த்தியில் பெரிய இடைவெளி இருக்கும் மரங்களை, உதாரணமாக புபிங்காவையும் பாப்லரையும், ஒரே தடிமனில், ஒரே விளிம்பில், ஒரே தோலில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் உணர வாய்ப்பு இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், கடையில் அப்படி ஒரு ஒப்பீடு நடப்பதே இல்லை. விலை கூடிய கிட்டில் மரம் மட்டும் மாறுவதில்லை. விளிம்பைக் கவனமாகச் சீவியிருப்பார்கள். வட்டம் துல்லியமாக இருக்கும். தொங்கவிடும் ஸ்டாண்டு ஷெல்லை அமுக்காது. கம்பெனியிலிருந்தே நல்ல தோலோடு வரும். இவை எல்லாம் சேர்ந்து கொடுக்கும் சத்தத்துக்கு நாம் ‘மேப்பிள் சவுண்டு’ என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இரண்டு எதிர் உதாரணங்கள் பாருங்கள். 1963-ல் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் வாங்கிய லுட்விக் கிட்டின் ஷெல் மூன்று ஏடுகளால் ஆனது. மஹோகனி, மேப்பிள், நடுவில் இன்று ‘பிகினர்’ மரம் என்று ஒதுக்கப்படும் அதே பாப்லர். அந்தக் கிட்டின் சத்தத்தை இன்றைக்கும் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தவர் லெட் ஸெப்பலின் குழுவின் ஜான் பான்ஹம். 1970-களில் மேடையில் அவர் வாசித்த ஆரஞ்சு நிறக் கிட், மரமே இல்லை. முழுக்க அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். ராக் டிரம்ஸ் என்றாலே பலருக்கு நினைவு வரும் அந்த இடி முழக்கம் பிளாஸ்டிக் ஷெல்லிலிருந்தும் வந்தது.

சென்னையில் டிரம்ஸ் சிவமணி மேடையில் சூட்கேஸ், தண்ணீர் கேன் என்று கையில் கிடைத்ததை எல்லாம் வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

பிறகு தவிலுக்கு மட்டும் ஏன் பலா?

நியாயமான கேள்வி. மரம் முக்கியமில்லை என்றால், தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பலாவையே தேடுவது ஏன்?

தவில் சத்தம் கோவில்பட்டிக்குப் பழக்கமானது. நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) வாழ்ந்த ஊர் இது. அவருக்கு இங்கே சிலை இருக்கிறது. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஒலித்தது அவருடைய நாதஸ்வரம்தான். பக்கத்திலேயே எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி. இப்படிப்பட்ட இசை மண்ணில் ஒரு விநோதம்: தவிலுக்கு வேண்டிய பலா மரம் இந்தக் கரிசலில் வளராது. பலாவுக்கு நல்ல மழையும் தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும். கேரளம், குமரி, பண்ருட்டி பக்கம் அது செழிக்கும். வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் களியாகிவிடும் கரிசலில் வேரூன்றாது. வாசிக்கிற ஊர் ஒன்று, மரம் வளர்கிற ஊர் வேறு.

காரணம் தவில் செய்யும் முறையில் இருக்கிறது. தவில் கட்டை ஏடுகளை ஒட்டிச் செய்தது இல்லை. ஒரே தடியைக் குடைந்து எடுத்தது. அப்படிக் குடைய வேண்டும் என்றால் தடி நல்ல பருமனாக இருக்க வேண்டும். உளிக்கு இணங்கிக் கொடுக்க வேண்டும், ஆனால் மெத்தென்று இருக்கக் கூடாது. குடைந்து காயவைத்த பிறகு வெடிக்கக் கூடாது. பூச்சி அரிக்கக் கூடாது. இத்தனை குணமும் சேர்ந்த, நம் பக்கத்தில் கிடைக்கிற மரம் பலா. தஞ்சாவூர் வீணைக்கும் இதே மரம்தான்.

அதாவது, பலா நன்றாகப் பாடுகிறது என்பதைவிட, பலா நன்றாக நிற்கிறது என்பதே பெரிய காரணம். தோல் பேச வேண்டுமென்றால் கட்டை அசையாமல் நிற்க வேண்டும்.

தவிலின் சத்தத்தில் மற்றவை எவ்வளவு வேலை செய்கின்றன என்று பாருங்கள். வலது பக்கத் தோல் இறுக்கமாக இருக்கும். விரல்களில் கெட்டியான கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். இடது பக்கம் தளர்வாக இருக்கும், கழியால் அடிப்பார்கள். அந்தக் கழிக்குப் பெரும்பாலும் பூவரசு. ஒரே பலாக் கட்டை, இரண்டு முனையிலும் இரண்டு விதமான சத்தம். மரம்தான் சத்தம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அல்லவா கேட்க வேண்டும்?

தவிலின் சத்தம் சமீப காலத்தில் மாறியதும் மரத்தால் இல்லை. முன்பு தோலைத் தோல் வாரால் இழுத்துக் கட்டுவார்கள். இப்போது இரும்பு வளையம், போல்ட், நட்டு. ஸ்பேனரால் முறுக்கி முன்பைவிட இறுக்கமாக ஏற்றிவிடலாம்; ஏற்றிய இறுக்கம் அப்படியே நிற்கும். இன்றைய தவிலின் கூரான சத்தத்தில் அந்த நட்டுக்கும் போல்ட்டுக்கும் பங்கு உண்டு.

வேம்பும் நெருப்பும்

கரிசலில் பலா இல்லை. ஆனால் வேம்பு உண்டு. பறையின் வட்டச் சட்டத்துக்கு வழக்கமாகப் பயன்படும் மரங்களில் முக்கியமானது அதுதான். வளைந்த மூன்று மரத் துண்டுகளைச் சேர்த்து, பொருத்துகளில் உலோகத் தகடு அடித்து, ஒரு பக்கம் மட்டும் தோலை ஒட்டுவார்கள்.

பறையில் உள்ளே அடைபட்ட காற்று இல்லை, ஆழமான உருளை இல்லை, இரண்டாவது தோல் இல்லை. எல்லாக் கொட்டுகளிலும் மரத்தின் பங்கு மிகக் குறைவாக இருப்பது இதில்தான். பறை வாசிப்பவர்கள் ஆட்டம் தொடங்கும் முன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலில் இருக்கும் ஈரம் போகும், தோல் சுருங்கும், இறுகும், சுருதி ஏறும். ட்யூனிங் கீ இல்லாத காலத்து ட்யூனிங் அது.

இப்போது பல குழுக்கள் பிளாஸ்டிக் தோலுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் மாறிவிட்டன. மழையிலும் வாசிக்கலாம், நெருப்பு தேவையில்லை, கிழியும் பயம் குறைவு. ஆனால் பழைய பறை கேட்டுப் பழகியவர்கள் சத்தம் வேறு என்கிறார்கள். வேறாகத்தான் இருக்கும். அதற்கு முதல் காரணம் வேம்பு போய் இரும்பு வந்தது அல்ல. மாட்டுத் தோல் போய் பிளாஸ்டிக் வந்தது.

கரிசல் மண்ணும் மரமும் ஒரே ஜாதி

இந்தப் பகுதியில் டிரம் வைத்திருப்பவர்கள் மரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது சத்தம் இல்லை, வெயில்.

சித்திரையில் கரிசல் காட்டில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசி மழையில் அதே மண் ஊதி, வெடிப்பு இருந்த இடமே தெரியாமல் மூடிக்கொள்ளும். தண்ணீரைக் குடித்து உப்பும், இழந்து சுருங்கும் களிமண் அது. மரமும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறது. காற்றில் ஈரம் கூடினால் உப்புகிறது, குறைந்தால் சுருங்குகிறது.

ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. பச்சை மரம் முழுக்கக் காயும்போது, ரேகையின் நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை. குறுக்கே போனால் கதை வேறு. சுகர் மேப்பிளில் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக 4.8 சதவீதம், வளையத்தின் போக்கில் 9.9 சதவீதம் சுருங்கும். ஒரு திசையில் ஒரு மடங்கு, இன்னொரு திசையில் இரண்டு மடங்கு. சரியாகக் காயாத மரத்தில் குடைந்த உருளை, காயக் காய வட்டத்திலிருந்து நழுவுவதும் வெடிப்பதும் இதனால்தான்.

ஏடு ஒட்டிய ஷெல் இதிலிருந்து தப்பிக்கிறது. ஓர் ஏடு சுருங்கப் பார்த்தால், குறுக்கே ஒட்டியிருக்கும் அடுத்த ஏடு அதைப் பிடித்து நிறுத்தும். டிரம் கிட் ஊர் ஊராக, மேடை மேடையாகப் போய்வர முடிவது இந்த ஒட்டு வேலையால்தான்.

குடைந்த கட்டைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் தடியை அவசரப்படாமல் காயவைப்பது தவில், மிருதங்கத் தொழிலில் பாதி வேலை. அவசரப்பட்டு ஈர மரத்தில் செய்த கட்டை, பங்குனி-சித்திரை வெயிலில் ஒரு சீசனிலேயே விரிசல் விடலாம். கோயில் கொடை, கல்யாணம் என்று வருமானம் சில மாதங்களிலேயே குவியும் ஒரு தவில் கலைஞருக்கு, நடு சீசனில் கட்டை வெடிப்பது என்பது சத்தப் பிரச்சினை இல்லை. வயிற்றுப் பிரச்சினை.

காட்டுக்கும் ஒரு கணக்கு

மர மோகத்துக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. 2000-களில் உயர்ரக டிரம்களில் புபிங்கா பெரிய கவர்ச்சியாக இருந்தது. மரச்சாமான்களுக்காகவும் அதை ஏகத்துக்கும் வெட்டினார்கள். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், 2017 ஜனவரி 2 முதல் புபிங்கா கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. முழுதாகச் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு 2019-ல் விலக்கு கிடைத்தது. ஆனாலும் ‘அரிய மரம்’ என்று விளம்பரம் செய்வதன் பின்னால் ஒரு காடு இருக்கிறது என்பதைத் தயாரிப்பாளர்களும் வாசிப்பவர்களும் அப்போது உணர வேண்டி வந்தது.

நம் பக்கத்திலும் இதே கணக்குதான். தவிலுக்கோ மிருதங்கத்துக்கோ தேவையான பருமன் உள்ள பலா ஒரு நாளில் வளராது. அந்த மரம் ஒரு வீட்டுக்குப் பல வருஷம் பழம் கொடுத்த மரமாக இருக்கும்.

சரி, காசு எதில் போடலாம்?

டிரம் வாங்கப் போகிறவர்கள், அல்லது வீட்டில் இருக்கும் டிரம் ‘சத்தமே வரல’ என்று மாற்ற நினைப்பவர்கள், இந்த வரிசையில் யோசிக்கலாம்:

1. தோலை மாற்றுங்கள். பழைய, குழி விழுந்த தோலோடு எந்த மரமும் பேசாது. மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் தருவது இதுதான்.

2. ட்யூன் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போல்ட்டுக்கு அருகிலும் தோலைத் தட்டிப் பார்த்து ஒரே சத்தம் வரும்வரை சரிசெய்யுங்கள். செலவு பூஜ்யம்.

3. அளவைப் பாருங்கள். சின்ன ஹாலில் வாசிக்க 22 இன்ச் பேஸ் டிரம்மைவிட 18 அல்லது 20 இன்ச் போதும். விட்டம் மாறினால் வரும் வித்தியாசம் எந்தக் காதுக்கும் தெரியும்.

4. விளிம்பைத் தடவிப் பாருங்கள். கடையில் ஒரு தோலைக் கழற்றச் சொல்லுங்கள். ஷெல்லின் ஓரத்தில் பிசிறு, பள்ளம் இருக்கக் கூடாது. சமமான கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, உள்ளே டார்ச் அடித்தால் வெளிச்சம் எங்கும் கசியக் கூடாது.

5. தடிமனையும் ஏடுகளின் எண்ணிக்கையையும் கேளுங்கள். பதில் தெரியாமல் ‘ப்யூர் மேப்பிள் சார்’ என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

6. கடைசியாக மரம். மேலே சொன்ன ஐந்தும் சரியாக இருந்து, பட்ஜெட்டும் இருந்தால், பிடித்த மரத்தை வாங்குங்கள். அழகுக்காக வாங்கினாலும் தப்பில்லை. அது அழகு என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்ட் தவில் வாங்குகிறவர்களுக்கு வரிசை கொஞ்சம் மாறும். அங்கே கட்டைதான் முதலில். மெழுகு அடைத்து, பெயின்ட் பூசி மறைத்த விரிசல் இருக்கிறதா என்று உள்ளேயும் வெளியேயும் பார்க்க வேண்டும். தோலை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வெடித்த கட்டையை மாற்றுவது, புதுத் தவில் வாங்குவது மாதிரிதான்.

சுருக்கமாகச் சொன்னால், சத்தம் போடுவது தோல். அது எவ்வளவு நேரம், எவ்வளவு சுத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதில் அளவு, விளிம்பு, தடிமன் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. மரத்தின் பெயர் அந்த வரிசையில் கடைசியில் நிற்கிறது. மரத்தின் உண்மையான வேலை, வெயிலிலும் மழையிலும் கோணாமல் நிற்பது.

அடுத்த பங்குனியில் தேர் இழுக்கும்போது தவில்காரர் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்தால், இரண்டு கைகளையும் கவனித்துப் பாருங்கள். ஒரு கட்டை, இரண்டு தோல், இரண்டு சத்தம். லட்ச ரூபாய் கேள்விக்குப் பதில் அவர் தோளில் தொங்கிக்கொண்டிருக்கும்.